கண்ணாடிக்குள் இருந்த யாரோ

முதல்ல அந்தப் பொண்ணுக்கு பாஸ்போர்ட் போட்டோ எடுத்து அனுப்பிட்டு வா தம்பி. நான் உக்காந்திருக்கேன். எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. அவசரப்பட வேண்டியதெல்லாம் போகியோட போயிடுச்சு.

ஆச்சா? எத்தனை தடவைப்பா எடுத்த அவளை! கண்ணு மூடினா இன்னொண்ணு, முடி கலைஞ்சா இன்னொண்ணு. அவளும் வந்து எட்டிப் பாத்து இது வேணாம் அது வேணாம்னு தள்ளிக்கிட்டே இருக்கா. உனக்கும் கை வலிக்கல. நல்ல வசதிதான். குத்தம் சொல்லல.

இந்தா, இதைப் பிரிச்சுப் பாரு. மெதுவா, கண்ணாடி போட்ட பிரேமு. ஞாபகம் இருக்கா? நீ பண்ணிக் குடுத்ததுதான், பின்னாடி உன் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. பொங்கலுக்கு முன்னாடி என் மருமக சங்கவி குடுத்து பெருசாக்கி, கலர் ஏத்தி வாங்கிட்டு வந்தா. தையோட எனக்கு அறுபது முடியுதுன்னு அவ குடுத்த பரிசாம். நடுவுல பாவாடை தாவணியில நிக்கிறது நான்தான். சிரிக்காத. எனக்குச் சடங்கு சுத்தினப்ப எடுத்தது. கன்னத்துல ரெண்டு அம்மைத் தழும்பு இருந்துச்சு, அதையும் வழிச்சு எடுத்துட்ட. சரி போகட்டும், தழும்புக்காக ஒருத்தி மூணு பஸ்ஸு மாறி மன்னார்குடிக்கு வருவாளா?

எனக்குப் பின்னாடி ஆளுயரக் கண்ணாடி நிக்குது பாரு. அந்தக் காலத்துல சடங்குப் பொண்ணுக்குப் பூத்தச்ச சடை வச்சா, அந்தச் சடை படத்துல விழணும்னு பின்னால கண்ணாடி வைப்பாங்க. முகமும் விழும், சடையும் விழும். சடை அழகாத்தான் தெரியுது, நீ மல்லிகையை இன்னும் வெள்ளையாக்கி இருக்க. சடைக்குப் பக்கத்துல என்ன தெரியுது, சொல்லு. ஒண்ணும் இல்லல்ல? வெறும் சுவரு. அங்கதான் தம்பி எங்கம்மா இருந்தாங்க.

எந்திரிக்காத, உக்காரு. சண்டை போட வரல. எடுத்தவன் நீ, திருப்பி வச்சுக் குடு. அதுக்குத்தான் வந்திருக்கேன். வேற ஒண்ணுக்கும் இல்ல.

பழசு கம்ப்யூட்டர்ல இல்லைன்னு சொல்லப் போற. தெரியும். மருமக வந்து கேட்டுட்டு வந்து சொல்லிட்டா. இடம் பத்தலன்னா அழிச்சிடுவீங்களாம், அப்பப்ப. அன்னைக்கு அவ உன் கடையில உக்காந்து அழுதாளாமே? என் மகன் சொன்னான். அவ என்கிட்ட சொல்லல. நான் அவகிட்ட பேசுறதில்ல.

நான் சொல்றதைக் கேளு, கேட்டாத்தான் எதை வைக்கணும்னு உனக்குத் தெரியும்.

எங்கப்பா பம்புசெட்டுல கரண்டு அடிச்சுப் போயிட்டாரு. எனக்கு அவரு முகம் ஞாபகம் இல்ல, அவ்வளவு சின்னது நான். அதுக்கப்புறம் எங்கம்மா குஞ்சம்மாளுக்கு வெள்ளைப் புடவைதான். எங்க அத்தை, அப்பாவோட அக்கா வேதவல்லி, அவங்கதான் வீட்டுக்கு எல்லாம். கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். சோறு போட்டாங்க, சடங்கு சுத்தினாங்க, கல்யாணம் பண்ணி வச்சாங்க. ஆனா அவங்க வாயைத் திறந்தா வீட்ல ஈ பறக்காது.

நான் பெரியவளானேன். பந்தல் போட்டு, பத்து ஊருக்குச் சொல்லி, அத்தை ஜமாய்ச்சுட்டாங்க. எங்கம்மா மட்டும் வெளியில வரக் கூடாது. தாலி அறுத்தவ எதிர்ல வந்தா பொண்ணுக்கு ஆகாதாம். பெத்த பொண்ணுதான், ஆனா ஆகாது. அடுப்படிக்குப் பின்னால நெல்லு மூட்டை அடுக்குற ரூம்புல உக்காந்திருந்தாங்க. எனக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தினது யார் யாரோ. சடை தச்சது யாரோ. நான் அம்மா அம்மான்னு சுத்திச் சுத்திப் பாக்குறேன், அத்தை தலையில குட்டி, ஆடாதடி பூ உதிரும்னாங்க.

அப்புறம் ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, மாட்டு வண்டியில. பவளம் ஸ்டுடியோன்னு மேல வீதியில இருந்துச்சு. இப்ப அந்த இடத்துல பல்லு டாக்டர் இருக்காரு. வண்டியில நானும் அத்தையும் நாலு பொம்பளைங்களும். ஸ்டுடியோ வாசல்ல இறங்கித் திரும்பிப் பாக்குறேன், எங்கம்மா வெயில்ல நடந்து வந்துக்கிட்டு இருக்காங்க. வண்டிக்குப் பின்னாலயே வந்திருக்காங்க, செருப்பு இல்லாம. அத்தைக்கு வந்துச்சு பாரு கோவம்! ஆனா கடைவீதியில கத்த முடியுமா? பல்லைக் கடிச்சுக்கிட்டாங்க.

போட்டோக்காரரு பேரு தேவசகாயம். கருப்புத் துணிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு, தள்ளு, திரும்பு, மோவாயைத் தூக்குன்னு சொல்லுவாரு. எங்கம்மா உள்ள வந்ததும் யாரும்மா நீங்கன்னாரு. அத்தை முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. எங்கம்மா, பொண்ணோட அம்மாங்கன்னு சொன்னாங்க. அவருக்கு வெள்ளைப் புடவையைப் பாத்ததுமே புரிஞ்சிருக்கும். அப்ப கேமராவுக்குப் பின்னால ஓரமா, கண்ணுல படாம நில்லுங்கம்மான்னாரு. தன்மையாத்தான் சொன்னாரு.

அப்புறம் என்கிட்ட வந்து, பாப்பா, ஒரே ஒரு பிலிம்தான், ஆடினா போச்சுன்னாரு. அப்பல்லாம் அப்படித்தான் தம்பி. ஒரு தடவைதான். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். நான் எங்கம்மாவைப் பாத்துக்கிட்டு நின்னேன். அவங்க கேமராவுக்குப் பின்னால சுவரோட சுவரா நிக்கிறாங்க. நான் அவங்களைப் பாக்க, அவங்க என் சடையைப் பாக்கணும்னு எனக்குப் பின்னால இருந்த கண்ணாடியை எட்டிப் பாத்தாங்க. ஒரு அடி. அவ்வளவுதான் தள்ளி வந்தாங்க. காலையிலேருந்து பொண்ணை அலங்காரத்தோட பாக்கவே இல்லையே அவங்க. மத்தவங்கல்லாம் பாத்தாச்சு. அந்த நேரம் பாத்து தேவசகாயம் அமுக்கிட்டாரு.

யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அதுதான் அப்ப இருந்த அழகு. கழுவி வந்தாத்தானே தெரியும்? ஒரு வாரம் கழிச்சு அத்தை என்னையும் கூட்டிக்கிட்டுப் போயி வாங்குறாங்க, பிரிச்சுப் பாத்தா கண்ணாடிக்குள்ள எங்கம்மா! சடைக்குப் பக்கத்துல, வெள்ளைப் புடவையில, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு, என் சடையையே பாத்துக்கிட்டு. சுண்டுவிரல் நகம் அளவுதான் முகம்.

அத்தை ஸ்டுடியோவை ரெண்டாக்கிட்டாங்க. மங்களகரமான படத்துல இது என்ன கோலம், எந்த வீட்டுக்குக் குடுத்தனுப்புவேன் இதைன்னு. தேவசகாயம், இருங்கம்மா, நெகட்டிவ்ல மை வச்சு மறைச்சுட்டு வேற போட்டுத் தரேன்னாரு. அத்தை நாற்காலி போட்டு எதுத்தாப்ல உக்காந்து, மை வைக்கிற வரைக்கும் எந்திரிக்கல. எங்கம்மா இருந்த இடம் கண்ணாடியில ஒரு திட்டு ஆயிடுச்சு. அந்தப் படத்தைத்தான் கூடத்துல மாட்டினாங்க. ஆனா முதல்ல போட்ட ஒண்ணு இருந்துச்சுல்ல, அதை அவரு கிழிக்கல. அத்தை பணம் எடுக்கக் குனிஞ்சப்ப என் தாவணிக்குள்ள திணிச்சிட்டாரு. கண்ணை மட்டும் இப்படி மூடித் திறந்தாரு.

யோசிச்சுப் பாரு தம்பி. அன்னைக்கு இந்த மாதிரி போன் இருந்து, எடுத்த உடனே எல்லாரும் எட்டிப் பாத்திருந்தா, எங்கம்மா அங்கயே போயிருப்பாங்க. அத்தை விரலை வச்சு ஒரு தள்ளு தள்ளியிருப்பாங்க, இன்னொண்ணு எடுங்கன்னு சொல்லியிருப்பாங்க. எங்கம்மா பொழச்சதே யாரும் பாக்காததுனாலதான்.

வேற படமா? அதைத்தான் சொல்ல வரேன். வேற படமே கிடையாது. அவங்க கல்யாணத்துக்கு எடுக்கல, அப்ப அவ்வளவு வசதி இல்ல. அப்பா போனப்புறம் யாரு அவங்களை நிக்க வச்சு எடுப்பா? என் சடங்கு முடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சு மஞ்சக்காமாலையில போயிட்டாங்க. ஐப்பசி அடைமழை. ரோடு தெரியாம தண்ணி. சவத்தை உக்கார வச்சு ஒரு படம் எடுக்கலாம்னு எங்க மாமா போட்டோக்காரரைத் தேடிப் போனாரு, வாய்க்காலைத் தாண்ட முடியாம திரும்பி வந்துட்டாரு. ஆக, இந்த உலகத்துல எங்கம்மா இருந்ததுக்கு அந்த நகம் அளவு இடம்தான் சாட்சி.

அதை நான் எப்படிக் காப்பாத்தினேன்னு கேளு. கட்டிக்கிட்டுப் போற வீட்டுக்கு டிரங்குப் பெட்டியில புடவைக்கு அடியில வச்சு எடுத்துட்டுப் போனேன். ஆசையா எடுத்து மாட்டினேன். என் மாமியார் கண்ணு பருந்து மாதிரி, ஒண்ணு விடாது. கண்ணாடிக்குள்ள இது யாருடின்னாங்க. தாலி அறுத்தவ படம்னு சொன்னா இறக்கிடுவாங்கல்ல? நான் ஒரு நிமிஷம் கூட முழிக்கல. யாரோ அத்தே, ஸ்டுடியோவைக் கூட்டிப் பெருக்குற பொம்பளைன்னுட்டேன். எப்படி! படம் தப்பிச்சுது. என் வீட்டுக்காரர் கேட்டாரு, அவருக்கும் அதையே சொன்னேன். ஒருத்தர்கிட்ட ஒண்ணு, இன்னொருத்தர்கிட்ட ஒண்ணுன்னு சொன்னா மாட்டிக்குவோம். என் மகன் செழியன் சின்னப் புள்ளையில கேட்டான், அவனுக்கும் அதேதான். பெருக்குற பாட்டின்னு டாட்டா காட்டுவான் படத்துக்கு. அவ்வளவு வருஷமும் எங்கம்மா என் தலைமாட்டுல இருந்தாங்க, ஒருத்தருக்கும் தெரியாது. அந்த மாதிரி காப்பாத்தினேன்.

தினமும் பேசுவேன். குழம்பு தீஞ்சது, வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தது, எல்லாம். வாயைப் பொத்தியிருக்காங்கல்ல, சிரிக்கிறாங்களா அழுவுறாங்களான்னு தெரியாது. எனக்கு நல்ல நாளா இருந்தா சிரிக்கிற மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரர் போன அன்னைக்கு அழுத மாதிரி இருந்துச்சு.

தண்ணி இருக்கா தம்பி? குடு.

கொஞ்ச வருஷமா எனக்குக் கண்ணுல புரை. எல்லாம் பால் கலந்த மாதிரி. படத்துல முகம் தெரியல. ஆனா தெரியாம என்ன? அவங்க இருக்குற இடம் எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் திரும்பிப் பேசுவேன்.

இந்த மருமக இருக்காளே, சங்கவி, அவ எதையும் சும்மா விட மாட்டா. அத்தே வாங்க, கண்ணு ஆபரேஷன் பண்ணலாம். அத்தே வாங்க, போட்டோ எடுக்கலாம். கையில எந்நேரமும் போனு. ஆயிரம் ஆயிரமா எடுத்து வச்சிருக்கா, ஒண்ணுலயாவது அவ இருக்காளா? எப்படி இருப்பா, எடுக்குறதே அவதானே. என்னைத்தான் நடுவுல நிறுத்துவா. அவ தங்கச்சி வளைகாப்புக்குப் போனோம். நான் வீட்டுக்காரர் இல்லாதவ, மேடைக்கு வர மாட்டேன், பின்னாடி உக்காந்துக்கிறேன்னேன். கேக்கவே இல்ல. கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி, வளையல் போட வச்சு, படம் வேற எடுத்துட்டா. நாலு பேரு பாக்குறாங்களேன்னு எனக்குக் கூச்சமாப் போச்சு. சொன்ன பேச்சு கேக்காத புள்ள.

அப்படித்தான் என்னைக் கேக்காம இதையும் பண்ணினா. பழைய படத்துல கரையான் ஓரம் பிடிச்சிருந்துச்சாம். எனக்குத் தெரியாம கழட்டிக்கிட்டு வந்து உன்கிட்ட குடுத்திருக்கா. போகிக்கு முதல் நாள் இந்தப் புதுப் படத்தைக் கொண்டாந்து என் கையில குடுத்தா. எனக்கு என்ன தெரியுது? பெருசா, பளபளன்னு, கலர் கலரா இருக்கு. அழுதுட்டேன் தம்பி. சந்தோஷத்துல அழுதுட்டேன். அவ கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சேன். எங்கம்மாவும் இப்ப பெருசா இருப்பாங்கல்லன்னு நெனச்சேன். அவகிட்ட சொல்லல. மனசுக்குள்ள நெனச்சேன்.

மறுநாள் விடியற்காலம் போகி. பழைய பாய், பிஞ்ச முறம், எல்லாத்தையும் வாசல்ல போட்டுக் கொளுத்தினா. கரையான் பிடிச்ச சட்டத்தோட பழைய படத்தையும் அதுல போட்டிருக்கா. புதுசுதான் வந்தாச்சே. கரையான் மத்ததுக்குப் பரவிடும்னு பயம். நான் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து குளிர் காய்ஞ்சுக்கிட்டு இருந்தேன்.

ஆமாம்ப்பா. உக்காந்து குளிர் காய்ஞ்சுக்கிட்டு இருந்தேன்.

அதுக்கப்புறம் தினமும் இந்தப் படத்துக்கிட்ட பேசினேன். பொங்கல் வச்சதைச் சொன்னேன். ஆபரேஷனுக்குப் பயமா இருக்கும்மான்னு சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரிங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன், என் மருமக பண்ணினதுன்னு. தை கடைசியில ஆபரேஷன் ஆச்சு. கட்டு அவுத்து வீட்டுக்கு வந்தேன். வந்த கையோட நேரா போயி படத்துக்கு எதிர்ல நின்னேன். எத்தனை வருஷம் கழிச்சு அம்மா முகத்தைப் பாக்கப் போறேன்!

சுவரு இருந்துச்சு.

இவ்வளவு நாளும் வெறும் சுவருகிட்ட அம்மா அம்மான்னு பேசியிருக்கேன் தம்பி. இந்தக் கண்ணு எனக்கு எதுக்கு? புரையே இருந்திருந்தா எங்கம்மா அங்கயே இருந்திருப்பாங்க. சாகுற வரைக்கும் இருந்திருப்பாங்க.

நான் போட்ட சத்தத்துல சங்கவி அடுப்படியிலேருந்து ஓடி வந்தா. எங்கடி இங்க இருந்தவங்கன்னேன். அவளுக்குப் புரியல. அப்புறம் சொன்னா, பின்னாடி யாரோ வேலைக்காரம்மா தெரிஞ்சாங்களே, அவங்களா அத்தே? உங்க பையன்தான் ஸ்டுடியோவுல பெருக்குறவங்கன்னு சொன்னாரு, அதான் கடையில எடுக்கச் சொல்லிட்டேன்னா. வேலைக்காரம்மா! எங்கம்மாவை! அந்த வார்த்தை எனக்கு நெஞ்சுல நின்னுடுச்சு. ஒரு பொண்ணுக்குப் பாத்தா தெரிய வேணாமா? என் ஜாடை இல்லையா அவங்களுக்கு? யாரோன்னு எப்படி வாய் வந்துச்சு அவளுக்கு? அன்னையிலேருந்து நான் அவகிட்ட பேசல. அவ வைக்கிற சோத்தைத் திங்கிறேன், சொட்டு மருந்து அவதான் ஊத்துறா, ஊத்திக்கிறேன். பேச மாட்டேன்.

இப்பக் கூட அவதான் கூட்டிட்டு வந்தா, பஸ்ஸுல எனக்கு எடம் பிடிச்சுக் குடுத்துட்டு நின்னுக்கிட்டே வந்தா. கடைக்குள்ள வரக் கூடாது, கண்ணுல படாம வெளியில நில்லுன்னு சொல்லிட்டேன். உன் மேக்கப் கண்ணாடியில தெரியுறா பாரு, வெயில்ல. எட்டி எட்டிப் பாக்குறா. முந்தானையை எதுக்கு வாயில வச்சிருக்காளாம்? பாக்கட்டும்.

என்ன சொல்ற? கம்ப்யூட்டரே முகம் செய்யுமா? நான் அடையாளம் சொன்னா போதுமா? வெள்ளைப் புடவை. போட்டுக்கோ. முந்தானை வாயில. ஒல்லியா இருப்பாங்க. நெத்தி... நெத்தி அகலமா... இல்ல, அது எங்க சித்தி. மூக்கு... இரு தம்பி, சொல்றேன். மூக்கு வந்து...

இரு.

வர மாட்டேங்குதுப்பா. படத்துல இருந்த மூஞ்சிதான் எனக்கு ஞாபகத்துல இருந்த மூஞ்சி. அது போனதும் இதுவும் போயிடுச்சு. நீ செய்யாத. விட்டுடு. நீ எதையாவது செஞ்சு வச்சா நான் அவங்கதான்னு நம்பிடுவேன். ஏற்கனவே சுவரை நம்பினவ நான்.

நீ பாத்தியா அவங்களை? அழிக்கிறப்ப பாத்திருப்பியே? கவனிக்கலையா. தினமும் எத்தனையோ பாக்குற, உனக்கு எப்படி ஞாபகம் இருக்கும். வேற யாரு... என்ன? பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்தாளா? சங்கவியா? உன் பக்கத்துல உக்காந்து, இந்தம்மா யாரைப் பாக்குறாங்கன்னு உன்கிட்ட கேட்டாளா? அவளா கேட்டா?

அப்ப அவ பாத்திருக்கா. நல்ல கண்ணால, கிட்டக்க, பெருசா பாத்திருக்கா. நான் கூட அவ்வளவு பெருசா பாத்ததில்ல தம்பி. எங்கம்மாவைக் கடைசியாப் பாத்தது அவதான்.

நீ உக்காரு, நானே கூப்பிடுறேன். கதவை மட்டும் திற.

சங்கவி! ஏய் சங்கவி! எதுக்கு வெயில்ல நிக்கிற, உள்ள வா. அழுவாத. கிட்ட வந்து உக்காரு, இப்படி, என் பக்கத்துல. எங்கம்மா எப்படி இருந்தாங்க? முந்தானைக்கு மேல அந்தக் கண்ணு தெரிஞ்சிருக்கும்ல உனக்கு? சிரிச்சாங்களா, அழுதாங்களா? சொல்லும்மா.